ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்டுக்குத்தான் வருவேன்

நாடே ஸ்தம்பிச்சுப் போற மாதிரி நெருக்கடி வந்தா உதவட்டுமேன்னு வீட்ல நாலு கேன் தண்ணியும் ரெண்டு மூட்டை தானியமும் கூடுதலா சேர்த்து வச்சிருக்கறது வெளிய தெரிஞ்சா போதும், கேக்கறவங்க எல்லாரும் பேசி வச்ச மாதிரி ஒரே டயலாக்தான் அடிப்பாங்க. "சரி சரி, ஏதாவது ஆச்சுன்னா நான் உன் வீட்டுக்குத்தான் வருவேன்." சொல்லிட்டு சிரிப்பாங்க, நானும் கூட சிரிச்சு வைப்பேன். ரொம்ப நாள் இத ஜோக்காத்தான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் தூக்கம் வராம படுத்திருந்தப்ப, இப்படி சொன்னவங்க எல்லாரையும் மனசுக்குள்ள வரிசையா நிக்க வச்சுப் பார்த்தேன். குடும்பத்தோட வந்தாங்கன்னா நான் சேர்த்து வச்சிருக்கறது அத்தனையும் ஒரு வாரம் தாங்காது. அவங்க ஜோக் அடிக்கல, அவங்ககிட்ட ஒரு பிளான் இருக்கு, அந்த பிளான் நான்தான்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. அதுலேர்ந்து இந்த விஷயம் மனசுல முள்ளா குத்திட்டே இருக்கு, எழுதியாவது பார்ப்போம்னுதான் உக்காந்திருக்கேன்.

சமூகம் சரிஞ்சு போறதுன்னு சொன்னதும் எரியற ஊரு, முகமூடிக் கும்பல், காலி ரோடுன்னு சினிமா ஓட்டிக்க வேணாம். நெஜத்துல நடந்ததெல்லாம் பெரும்பாலும் மெதுவா, சலிப்பா, க்யூவுல நிக்கறதாத்தான் இருந்திருக்கு. 2001 டிசம்பர்ல அர்ஜென்டினாவுல பேங்க் கணக்கையெல்லாம் முடக்கி வாரத்துக்கு 250 பெசோதான் எடுக்கலாம்னு சொன்னப்ப கட்டடம் ஒண்ணும் இடிஞ்சு விழல, காசு இருந்தும் காசு இல்லாம போச்சு, ஜனங்க பண்டமாற்று கிளப்புல கூட்டம் கூட்டமா சேர்ந்தாங்க. 2022ல இலங்கையில பெட்ரோலுக்கு நாள்கணக்குல வண்டிய வரிசையில போட்டுட்டுக் காத்திருந்தாங்க, கடைசில க்யூஆர் கோடு வச்சு வாரத்துக்கு இவ்ளோன்னு பங்கு போட்டாங்க. போஸ்னியா தலைநகர் சரயேவோவ 1992 ஏப்ரல்லேர்ந்து 1996 பிப்ரவரி வரைக்கும் சுத்தி வளைச்சு வச்சிருந்தாங்க, தண்ணி பிடிக்க பீர் ஃபேக்டரி வாசல்ல கேனோட நின்னாங்க, அடுப்பெரிக்க பார்க்ல இருந்த மரத்தையெல்லாம் வெட்டினாங்க. இதுக்கெல்லாம் சண்டையோ அரசியலோ காரணம், ஆனா அதுகூட வேணும்னு இல்ல. 1989 மார்ச் 13 அன்னிக்கு சூரியன்லேர்ந்து வந்த காந்தப்புயல் கனடாவோட கியூபெக்ல மொத்த மின்கட்டமைப்பையும் ஒண்ணரை நிமிஷத்துல சாய்ச்சுது, அறுபது லட்சம் பேர் ஒம்போது மணி நேரம் இருட்டுல இருந்தாங்க. ஒம்போது மணி நேரம்ங்கறது அவங்க அதிர்ஷ்டம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சுன்னா புதுசு செஞ்சு வர வருஷக்கணக்காகும்.

ஆக, சேர்த்து வைக்கணுமாங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஸ்வீடன் அரசாங்கம் 2018ல நெருக்கடி வந்தா, போர் வந்தா என்ன பண்ணணும்னு ஒரு சின்ன புக்லெட் போட்டு வீடு வீடா அனுப்புச்சு, 2024ல அத புதுப்பிச்சு மறுபடி அனுப்புச்சு. 2025 மார்ச்ல ஐரோப்பிய யூனியனே குறைஞ்சது 72 மணி நேரம் சொந்தமா தாக்குப் பிடிக்கற மாதிரி எல்லாரும் தயாரா இருங்கன்னு சொல்லிடுச்சு. இனிமே இது கிறுக்குப் பயலுங்க வேலைன்னு யாரும் சொல்ல முடியாது. என் கேள்வி வேற. சேர்த்தாச்சு, யாரோ கதவைத் தட்டறாங்க. அப்ப என்ன பண்றது?

வாசல்ல துப்பாக்கியோட

இந்தக் கேள்வி புதுசும் இல்ல. 1961 ஜூலை 25ந் தேதி கென்னடி டிவில பேசி, அணுகுண்டு போட்டா கதிர்வீச்சுத் தூசிலேர்ந்து தப்பிக்க ஷெல்டர் வேணும்னு சொன்னதும் அமெரிக்காவுல ஆளாளுக்கு வீட்டுத் தோட்டத்துல குழி தோண்ட ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசமே டைம் பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துது, அதுல சிகாகோ பக்கத்துல ஒருத்தர் என் ஷெல்டர் வேலை முடிஞ்சதும் அக்கம்பக்கத்துக்காரங்க உள்ள வராம இருக்க வாசல்ல மெஷின் கன் மாட்டப் போறேன்னு வெளிப்படையா சொல்லியிருந்தார். செப்டம்பர்ல மெக்ஹ்யூன்னு ஒரு யேசுசபைப் பாதிரியார் அமெரிக்காங்கற கத்தோலிக்கப் பத்திரிகையில, உன் குடும்பத்துக்குன்னு கட்டின ஷெல்டருக்குள்ள பக்கத்து வீட்டுக்காரன் வலுக்கட்டாயமா நுழைஞ்சா அவனைத் தடுக்கறதுல பாவம் இல்லன்னே எழுதிட்டார். நாடு பூரா சண்டை. வாஷிங்டன் பிஷப்பா இருந்த ஆங்கஸ் டன் வேற மாதிரி மடக்குனார். குண்டு விழுந்ததுக்கப்புறம் எந்த மாதிரி ஆளு ஊருக்கு ரொம்ப தேவைப்படுவானோ அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இடமில்லாத வளைய தனக்கு மட்டும் தோண்டிட்டு உக்கார மாட்டான்னு.

அதே சமயம் சுவிட்சர்லாந்து 1963ல ஒரு சட்டம் போட்டுச்சு, நாட்டுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஷெல்டர்ல ஒரு இடம் இருக்கணும்னு. வீடு கட்டறவங்க அடித்தளத்துல ஷெல்டரும் கட்டணும், முடியலன்னா அதுக்கான பணத்த கட்டிடணும், அந்தப் பணத்துல பொது ஷெல்டர் வரும். இன்னிக்கு அங்க ஜனத்தொகைய விட ஷெல்டர் இடம் கூடுதல். சாதாரண நாள்ல அதுல பழைய சாமான் போட்டு வச்சிருக்காங்க, அது வேற கதை. லூசெர்ன்ல ஒரு சுரங்கப்பாதைய இருபதாயிரம் பேருக்கான ஷெல்டரா கட்டி, 1987ல ஒத்திகை பார்த்தப்ப அந்த ராட்சசக் கதவுல ஒண்ணு சரியா மூடவே இல்லங்கறதும் உண்மை. இருந்தாலும் மெஷின் கன் கேள்வி அங்க எழுந்திருக்க வாய்ப்பே இல்ல பாருங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இடம் இருந்தா அவன் ஏன் உங்க கதவ உடைக்கப் போறான். குண்டு ரெண்டு நாட்டுக்கும் ஒண்ணுதான், கான்க்ரீட்டும் ஒண்ணுதான், ஆனா ஒரு பக்கம் ஷெல்டரே சண்டைக்குக் காரணமாச்சு. இத முதல்ல படிச்சப்ப சுவாரசியமான வரலாறுன்னு மட்டும்தான் நினைச்சேன், நம்ம வீட்டு அலமாரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தோணல.

ஏன்னா அப்ப நான் இன்னொரு கட்சியில இருந்தேன். இந்தத் துறையில ஊறினவங்க எல்லாரும் சொல்ற முதல் விதி, வாயத் திறக்காத. என்ன வச்சிருக்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. வாங்கற பெட்டிய ராத்திரில உள்ள கொண்டு வா, லைட் வெளிய தெரியாம ஜன்னலுக்குத் தடியா கறுப்புத் துணி போடு, வாசனை வர்ற மாதிரி சமைக்காத, காலி டின்ன குப்பையில மொத்தமா போடாத, நீயும் மத்தவங்க மாதிரியே வாடிப் போன மூஞ்சியோட க்யூவுல போய் நில்லு. ஒவ்வொண்ணும் லாஜிக்கான அறிவுரைதான், எதையும் நான் கிண்டல் பண்ணல. கறுப்புத் துணி என்கிட்டயும் இருந்துது.

ஜெனரேட்டர் சத்தம்

அது ஒண்ணும் பெரிய பேரழிவு இல்ல. புயல் அடிச்சுது, கரண்ட் போச்சு, வரல. மறுநாளும் வரல. போன் டவரும் போச்சு. நாங்க இருக்கறது நாலு மாடிக் கட்டடம், கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலன்னா கீழ சம்ப்ல தண்ணி ததும்பி நின்னாலும் மேல குழாய்ல காத்துதான் வரும். எங்க வீட்ல தண்ணி இருந்துது, பேட்டரி லைட் இருந்துது, ரேடியோ இருந்துது. ஜன்னல்ல துணிய இழுத்து விட்டுட்டு உக்காந்திருக்கோம். படிக்கட்டுல ஆளுங்க பேசற சத்தம் கேக்குது, யாரோ பக்கெட் தூக்கிட்டு ஏறி இறங்கறாங்க, யார்கிட்டயோ மெழுகுவர்த்தி இருக்கான்னு கேக்கறாங்க. எங்க கதவுக்கு வெளிய செருப்பு சத்தம் நின்னா நாங்களும் பேச்ச நிறுத்திடுவோம். சொந்த வீட்டுக்குள்ளயே திருட வந்தவன் மாதிரி குசுகுசுன்னு பேசிட்டிருந்தோம். பிளான் என்னவோ நூத்துக்கு நூறு கரெக்டா வேலை செஞ்சுது.

ராத்திரி கீழேர்ந்து ஜெனரேட்டர் சத்தம். கீழ்வீட்டு அண்ணன் எங்கேர்ந்தோ சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு கொண்டு வந்துட்டார். சத்தம் வெளியேர்ந்து வரல, கட்டடத்துக்குள்ளேர்ந்து, படிக்கட்டுக்கு அடியில இருக்கற மூடின இடத்துலேர்ந்து வருது. ஒரு நிமிஷம் உக்காந்தே கேட்டுட்டிருந்தேன். அதுக்கு மேல உக்கார முடியல. என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. டார்ச்ச எடுத்துட்டு ஓடினேன்.

"அண்ணே, இத உடனே ஆஃப் பண்ணி வெளிய தள்ளுங்க."

"வெளிய மழை தம்பி. அதுவும் இல்லாம வெளிய வச்சா காலைல இருக்காது, எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

களவு போயிடக் கூடாதேன்னு பத்திரமா உள்ள வச்சிருக்கார். இதத்தான் நான் அதுக்கப்புறம் பல நாள் யோசிச்சேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், சோர்வுன்னு நினைச்சுப் படுத்துருவாங்க, தூங்கறவங்க தூக்கத்துலயே போயிடுவாங்க. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல பனியில கரண்ட் போனப்ப, 2020ல லூசியானாவுல லாரா புயலுக்கப்புறம், இப்படித்தான் ஆளுங்க செத்தாங்க. புயல்ல பிழைச்சவங்க ஜெனரேட்டர்ல போனாங்க. ஜன்னல திறந்து வச்சா போதும்ங்கறதும் சரி கிடையாது, வீட்டுலேர்ந்து குறைஞ்சது ஆறு மீட்டர் தள்ளி, புகைக் குழாய் வீட்டப் பார்க்காம இருக்கணும்.

அண்ணன் நம்பல. கதவு ஜன்னல் எல்லாம் தொறந்துதானே கிடக்குன்னார். அப்ப படிக்கட்டுல உக்காந்திருந்த மேல்வீட்டு அக்கா, "அதான் அப்பலேர்ந்து எனக்குத் தலை வலிக்குதா"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான், அண்ணன் கை தானா ஸ்விட்சுக்குப் போச்சு. நாலு பேர் சேர்ந்து ஜெனரேட்டர வெளிய காம்பவுண்டு ஓரமா தள்ளி, மேல தகரம் சாய்ச்சு, ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி விட்டு, சைக்கிள் செயின் போட்டு கம்பத்துல கட்டினோம். களவு போகக் கூடாதுன்னு ரெண்டாவது மாடிப் பசங்க ரெண்டு பேர் காவலுக்கு உக்காந்தாங்க, கூலி என்னன்னா அவங்க போனுக்கும் சார்ஜ். யாரோ மோட்டார அதுல இழுக்க முடியுமான்னு கேக்க, அந்தக் குட்டி ஜெனரேட்டருக்கு மோட்டார ஸ்டார்ட் பண்ற அளவுக்கு இழுக்கற சக்தி இல்லன்னு எலக்ட்ரீஷியன் ஒருத்தர் சொன்னார். அவர் எங்க கட்டடத்துலயே இருக்கார்ங்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். சம்ப் மூடிய நெம்பித் திறந்து கயிறும் பக்கெட்டும் போட்டவரும் அவர்தான்.

இந்த அவசரத்துல நான் கதவ சாத்தாமயே இறங்கி வந்திருக்கேன். திரும்பி ஏறும்போது பார்த்தா, மொத்தப் படிக்கட்டும் கும்மிருட்டு, எங்க வாசல்லேர்ந்து மட்டும் வெளிச்சம் வெளிய வந்து விழுந்து கிடக்கு. எல்லாரும் பார்த்துட்டாங்க. யாரும் எதுவும் கேக்கல. மூணாவது மாடி அம்மா மட்டும் பேத்திய இடுப்புல வச்சுக்கிட்டு, "தம்பி, இவளுக்கு ஜுர மருந்து அளந்து ஊத்தணும், இருட்டுல கோடு தெரியல, கொஞ்சம் லைட் காட்டறீங்களா"ன்னாங்க. காட்டினேன். பாட்டில் மூடியில இருக்கற அந்தச் சின்னக் கோட்டுக்கு நேரா கண்ண வச்சு, கொஞ்சம் கூடிப் போச்சுன்னு திரும்ப பாட்டில்லயே ஒரு சொட்டு சாய்ச்சு, மறுபடி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துதான் ஊத்தினாங்க. அதுக்கப்புறம் ஜன்னல்ல அந்தத் துணிய மறுபடி இழுத்து விட எனக்குக் கை வரல.

எந்தக் கதவைப் பூட்டினாலும்

வீட்டப் பாதுகாக்கறதுன்னா நம்ம எல்லாரும் மனசுல வரையற படம், நாலு சுவரு, ஒரு கதவு, வெளிய எதிரி. அந்தப் படத்துல பெரிய ஓட்டை இருக்கு. புகை கதவ தட்டிட்டு வராது. பக்கத்து வீட்ல மெழுகுவர்த்தி சாஞ்சு திரைச்சீலை பத்திக்கிட்டா அந்தத் தீ என் பூட்டப் பார்த்துத் திரும்பிப் போகாது, அதுவும் ஃபயர் சர்வீஸ் வராத நாள்ல. எல்லாத்துக்கும் மேல சாக்கடை. தண்ணி இல்லாத கட்டடத்துல மேல் மாடிக்காரங்க கழிவறையில எதையாவது ஊத்தித் தள்ளிட்டே இருந்தா, கீழ பைப் அடைச்சு, முதல்ல பொங்கறது தரைத்தளத்து வீட்டுக்குள்ளதான். 2011 பிப்ரவரில நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்துல சாக்கடைக் குழாயெல்லாம் உடைஞ்சப்ப ஜனங்க தோட்டத்துல குழி வெட்டிக் கழிவறை கட்டிக்கிட்டாங்க. மாடி வீட்ல குழி வெட்ட முடியாது, அதுக்கு ரெண்டு பக்கெட் முறைதான், ஒண்ணு சிறுநீருக்கு, இன்னொண்ணு மலத்துக்கு, ஒவ்வொரு தடவையும் மேல மரத்தூளோ சாம்பலோ போட்டு மூடணும், ரெண்டையும் கலக்கலன்னா நாத்தம் பாதி குறைஞ்சிடும். ஆனா நான் மட்டும் ஒழுங்கா இத செஞ்சு என்ன பிரயோஜனம், மேல இருக்கற ஒரு குடும்பத்துக்குத் தெரியலன்னா மொத்தக் கட்டடமும் காலரா வார்டுதான்.

ஜனங்க மிருகமாயிடுவாங்கங்கற பயமும் நாம நினைக்கற அளவுக்கு நிக்கல. 1963லயே ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில பேரிடர் ஆராய்ச்சிக்குன்னே ஒரு சென்டர் ஆரம்பிச்சாங்க, குவாரன்டெல்லிங்கற சமூகவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் பல வருஷம் இடிபாட்டுக்கு நடுவுல போய் ஆளுங்கள கேட்டுக் கேட்டு எழுதினது, பீதியில ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுட்டு ஓடறது அபூர்வம், பக்கத்துல இருக்கறவங்கதான் முதல்ல உதவிக்கு வர்றாங்கன்னு. 1995 ஜனவரி கோபே பூகம்பத்துல இடிபாட்டுலேர்ந்து உயிரோட வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்கள இழுத்துப் போட்டது குடும்பத்துக்காரங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான், மீட்புப் படை இல்ல. 2005ல கத்ரீனா புயல்ல நியூ ஆர்லியன்ஸ்ல ஜனங்க தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் ஸ்டேடியத்துக்குள்ள கொலையும் கொள்ளையுமா நடக்குதுன்னு உலகம் பூரா செய்தி ஓடுச்சு. கடைசில எண்ணிப் பார்த்தா உள்ள இறந்தது ஆறு பேர், அதுல ஒருத்தர்கூட கொலையாகல. ஆனா அந்த வதந்திய நம்பி துப்பாக்கி எடுத்தவங்க நெஜமாவே சுட்டாங்க. அதே ஊர்ல டான்சிகர் பாலத்துல செப்டம்பர் 4 அன்னிக்கு நிராயுதபாணியா போன ஆளுங்கள போலீஸே சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க. அதுக்கு மூணு நாள் முன்னாடி ஊர விட்டு நடந்து போக வந்த ஜனங்கள பக்கத்து ஊரான கிரெட்னாவோட போலீஸ் இன்னொரு பாலத்துல மறிச்சுத் திருப்பி அனுப்புச்சு. ரெண்டுலயும் ஆபத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துதுன்னு பாருங்க.

அதுக்காக எல்லாரும் தங்கம்னு நான் சொல்ல வரல. இந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் சில நாள், சில வாரம் நீடிக்கற பேரிடரப் பத்தினது. வெளியேர்ந்து உதவி வந்துட்டு இருக்குங்கற நம்பிக்கை இருக்கற வரைக்கும் மனுஷன் பெருந்தன்மையா இருப்பான். உதவி வரவே வராதுன்னு ஆனதுக்கப்புறம் கணக்கு மாறும், சரயேவோவுல பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தண்ணி சுமந்தவனும் இருந்தான், கள்ளச்சந்தையில கொழுத்தவனும் இருந்தான். அதனால கதவ கெட்டியா வைங்கங்கறதுல மாற்றமே இல்ல. பூட்டுக்குக் காசக் கொட்டறதுக்கு முன்னாடி அந்தப் பூட்டு போய் விழற தகட்டப் பாருங்க, நிறைய வீட்ல அத அரை இஞ்ச் ஸ்க்ரூவுல நிலைச்சட்டத்துல ஒட்ட வச்சிருப்பாங்க, ஒரு உதைக்குத் தாங்காது. மூணு இஞ்ச் ஸ்க்ரூ போட்டு சட்டத்தத் தாண்டி உள்ள இருக்கற கட்டை வரைக்கும் இறக்கினா, கீல் பக்கமும் அதே மாதிரி பண்ணினா, அந்தச் சின்ன வேலைக்குக் கிடைக்கற பலம் பெரிய பூட்டுல கிடைக்காது. சாமான ஒரே ரூம்ல குவிக்காம ரெண்டு மூணு இடமா பிரிச்சு வைக்கறதும் நல்லது, திருடனுக்காக மட்டும் இல்ல, கசியற பைப்புக்காகவும் எலிக்காகவும்.

தூக்க முடியாத கணக்கு

ரகசியமா வச்சுக்கலாம்ங்கறவங்ககிட்ட நான் இப்ப தண்ணியப் பத்தி மட்டும்தான் கேப்பேன். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர்னு வச்சா, நாலு பேர் குடும்பத்துக்கு ரெண்டு வாரத்துக்கு 224 லிட்டர், அதாவது 224 கிலோ. அகதி முகாம்லயே குளிக்கத் துவைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் தரணும்ங்கறது சர்வதேச அளவுல ஒத்துக்கிட்ட குறைஞ்சபட்சக் கணக்கு. இத எந்தக் கட்டிலுக்கு அடியில ஒளிக்கறது? மூணாவது வாரம் என்ன பண்றது? அப்ப சம்ப்தான், கிணறுதான், ஆறுதான், அங்க எல்லாரும் இருப்பாங்க. தண்ணி விஷயத்துல சேமிப்ப விட சுத்தம் பண்ணத் தெரியறதுதான் பெருசு. நல்லா கொதிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு நிமிஷம், ரொம்ப உயரமான மலையில இருந்தா மூணு நிமிஷம். எரிபொருள் இல்லன்னா வாசனை சேர்க்காத ஆறு சதவீத ப்ளீச் லிட்டருக்கு ரெண்டு சொட்டு, அரை மணி நேரம் மூடி வைக்கணும், கலங்கலா இருந்தா துணியில வடிகட்டிட்டு நாலு சொட்டு. ப்ளீச் வாங்கி வச்சா மட்டும் போதாது, வருஷத்துக்கு வருஷம் வீரியம் போயிடும், மாத்திட்டே இருக்கணும். எதுவுமே இல்லன்னா, தெளிஞ்ச தண்ணிய நிறமில்லாத பிளாஸ்டிக் (PET) பாட்டில்ல நிரப்பி நல்ல வெயில்ல ஆறு மணி நேரம் படுக்க வைங்க, மேகமா இருந்தா ரெண்டு நாள். கிருமியத்தான் இதெல்லாம் கொல்லும், ஃபேக்டரி கழிவு கலந்த தண்ணிய ஒண்ணும் பண்ணாது.

சாப்பாட்டுக் கணக்கு இவ்ளோ மோசம் இல்ல. காஞ்ச தானியமோ பயறோ கிலோவுக்குச் சுமார் 3500 கலோரி, ஆளுக்கு நாளுக்கு ரெண்டாயிரம்னு போட்டா மாசத்துக்கு பதினேழு பதினெட்டு கிலோ, எண்ணெய் சேர்ந்தா அதுவும் குறையும். தீட்டின அரிசிய ஆக்சிஜன் உறிஞ்சற பாக்கெட் போட்டு மைலார்ங்கற காத்து புகாத பையில அடைச்சா பல வருஷம் கெடாது, தீட்டாத அரிசி அதுல இருக்கற எண்ணெய்னால ஒரு வருஷத்துக்குள்ள சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சிடும். ஈரப்பதம் இருக்கற எதையும் அப்படிக் காத்தில்லாம அடைச்சிடாதீங்க, பொட்டுலிசம்ங்கற உயிரையே எடுக்கக்கூடிய உணவு விஷம் வரும். மருந்துதான் எனக்கு இன்னும் விடை கிடைக்காத இடம். மாத்திரைங்க நல்லா வச்சிருந்தா அட்டையில போட்ட தேதிக்கப்புறமும் தாங்கறது நிறைய உண்டு, அமெரிக்க ராணுவத்தோட கையிருப்ப 1986லேர்ந்து டெஸ்ட் பண்ணி காலாவதிய தள்ளித் தள்ளி வச்சிருக்காங்க. ஆனா இன்சுலின் அப்படி இல்ல, ஃப்ரிட்ஜுக்கு வெளிய பெரும்பாலும் 28 நாள்தான் கணக்கு, அதுவும் ரொம்ப சூடு படாம. அலமாரி எவ்ளோ பெருசா இருந்தாலும் இதுக்கு உதவாது.

இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடிச்சதும்தான் 1961ல நடந்த அந்தச் சண்டை மறுபடி ஞாபகத்துக்கு வந்துது. என்கிட்ட ஆறு மாசத்துக்கு இருந்து, படிக்கட்டுல இருக்கற மத்த எல்லார்கிட்டயும் ரெண்டு நாளைக்குத்தான் இருந்துதுன்னா, மூணாவது நாள்லேர்ந்து என் கதவுதான் கட்டடத்துலயே ரொம்ப பலவீனமான கதவு, ஸ்க்ரூ எத்தனை இஞ்ச்சா இருந்தாலும். அதே என்கிட்ட மூணு மாசத்துக்கு இருந்து அவங்ககிட்ட ஆளுக்கு மூணு வாரத்துக்கு இருந்தா நிலைமையே வேற. என் ஸ்டாக்க இன்னும் ஏத்தறத விட அடுத்தவங்க ஸ்டாக்க ஏத்தி விடறதுதான் எனக்கு மலிவான காவல். இதுல தியாகம் ஒண்ணும் இல்ல, முழுக்க சுயநலம். அதனால இப்ப "உன் வீட்டுக்குத்தான் வருவேன்"னு யாராவது சொன்னா நான் சிரிக்கறதில்ல, "தாராளமா வா, ஆனா வரும்போது உன் வீட்டு ஆளுங்களுக்கு ரெண்டு வாரத்துக்குண்டான சாமானோட வா, இல்லன்னா வெல்டிங் மாதிரி ஏதாவது கைத்தொழிலோட வா"ங்கறேன். பாதிப் பேர் பேச்ச மாத்திடறாங்க. மீதிப் பேர் என்னென்ன வாங்கணும்னு கேக்கறாங்க, அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருக்கேன்.

எவ்ளோ வச்சிருக்கேன்னு இப்பவும் யார்கிட்டயும் சொல்றதில்ல, அந்தப் பழைய விதியில இந்தப் பகுதிய மட்டும் வச்சுக்கிட்டேன். அளவு ரகசியம், வித்தை ரகசியம் இல்ல. ப்ளீச் கணக்கு, ரெண்டு பக்கெட் முறை, ஜெனரேட்டர் தூரம் மூணையும் பெரிய எழுத்துல எழுதி படிக்கட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. கொடுக்கறதுக்குன்னே தனியா ஒரு பெட்டி, அதுல இருக்கறது போனாலும் என் கணக்கு இடிக்காது. தனியா இருக்கறவங்க வீட்ட யார் யார் தட்டிப் பார்க்கணும்ங்கறதும் பேசி வச்சாச்சு. 1995 ஜூலைல சிகாகோ வெயில்ல எழுநூத்துச் சொச்சம் பேர் செத்தாங்க, பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு ஏழைப் பேட்டையில ஒண்ணுல சாவு விகிதம் இன்னொண்ணப் போல பத்து மடங்கு. தெருவுல ஆள் நடமாட்டமும் கடையும் இருந்த பக்கம் பிழைச்சுது, வெறிச்சோடிக் கிடந்த பக்கத்துல கதவ சாத்திக்கிட்டு உள்ளயே இருந்த வயசானவங்க போயிட்டாங்க.

எங்க கட்டடத்துல எல்லாம் சுமுகமா போகுதுன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு வீட்டுக்காரங்க இது அபசகுனப் பேச்சுன்னு கிட்டயே வர்றதில்ல. சம்ப் மூடி சாவி யார்கிட்ட இருக்கறதுங்கறதுல ஒரு சின்னப் போரே நடந்து, கடைசில எலக்ட்ரீஷியன்கிட்ட ஒண்ணு, மேல்வீட்டு அக்காகிட்ட ஒண்ணுன்னு முடிவாச்சு. நாலாவது மாடிப் பெரியவருக்கு இன்சுலின், அதுக்காக நாளுக்குக் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர்ல ஒரு குட்டி ஃப்ரிட்ஜ ஓட்டறதுன்னு கீழ்வீட்டு அண்ணன் ஒத்துக்கிட்டார். ஆனா அதுக்குண்டான பெட்ரோல் கேன அவர் படிக்கட்டுக்கு அடியிலதான் வைப்பேங்கறார், நான் கட்டடத்துக்குள்ள வைக்கவே கூடாதுங்கறேன், வெளிய வச்சா காலைல இருக்காதுங்கறார். அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியல, ஞாயித்துக்கிழமை மறுபடி உக்கார்றோம்.